பட்டறிவு: பட்டு அறிவதா, துன்பப்பட்டு அறிவதா?

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். ஊரில் வயதான விவசாயிகள் பதினோரு பேரிடம் உட்கார்ந்து, வயலில் அவர்கள் தெரிந்துகொண்டதையெல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். சின்னப் புத்தகமாக அச்சடித்து ஊருக்குள் கொடுக்க எண்ணம். அட்டையில் ‘பட்டறிவு’ என்று போட்டிருந்தேன்.

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஏன் தம்பி, பட்டு நொந்து போனவங்க அறிவுன்னு அட்டையிலேயே போடணுமா? அனுபவம்னு போட்டா என்ன?” என்றார்.

எனக்கு அந்தச் சொல் ஏன் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். 2021 குறுவை நெல்லுக்கு நானே விதை முளைகட்டினேன். ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி ஒரு நாள் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பா அன்றைக்கு ஊரில் இல்லை. நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி நேரம் கழித்துத்தான் வந்தேன், மூட்டையைப் பார்க்கவில்லை. காலையில் பிரித்தால் சூடு முகத்தில் அடித்தது. வேர் ஒன்றோடொன்று பின்னி விதை முழுக்கப் பாய் மாதிரிக் கிடந்தது. பிய்த்துப் பிய்த்துத் தெளித்தேன், பாதி முளை ஒடிந்தது. நாற்றங்கால் சொட்டை சொட்டையாகத்தான் வந்தது.

அப்பா திட்டவில்லை. அடுத்த முறை மூட்டை கட்டியபோது என் கையைப் பிடித்து முழங்கை வரை உள்ளே விட்டார். “இந்தச் சூடு சரி. இதுக்கு மேல போனா தண்ணி தெளிச்சுக் கிளறி விடு” என்றார். அந்தச் சூடு எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்கு எழுதத் தெரியாது. கைக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். பட்டறிவில் இருக்கிற ‘படு’ துன்பப்படுவது மட்டும்தானா? இது பழைய சொல்லா, அனுபவத்துக்குப் பதிலாக அண்மையில் ஆக்கிய சொல்லா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

குறுவைப்பட்டம்

அப்பா சொன்னதையே போடுங்கள். அனுபவம் என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். பட்டறிவு மேடையில் பேசுகிற சொல். எங்கள் தெருவில் ஒருவர்கூட “எனக்குப் பட்டறிவு இருக்கு” என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மாயூரம் தமிழாசிரியர்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியன். கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சொல்லின் கட்டு. இது ‘பட்ட + அறிவு’ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியென்றால் புணர்ச்சியில் வகரம் வந்து ‘பட்டவறிவு’ என்று ஆகியிருக்க வேண்டும். இது ‘பட்டு + அறிவு’. பட்டு என்பது வினையெச்சம், ஈற்றில் குற்றியலுகரம். ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்று நன்னூல் சொல்கிறபடி உகரம் ஓடிப்போய்ப் பட்டறிவு என்று நிற்கிறது. கண்டறி, கேட்டறி, பட்டறி மூன்றும் ஒரே வார்ப்பு.

இந்த வேறுபாடு வெறும் இலக்கணம் இல்லை. பட்டவறிவு என்றிருந்தால் அறிவுதான் பட்டது என்று பொருளாகும். பட்டறிவு என்னும்போது பட்டவரும் அறிந்தவரும் ஒரே ஆள். பட்டது ஒருவர், அறிந்தது வேறொருவர் என்று இந்தச் சொல்லில் பிரிக்கவே முடியாது.

அடுத்து ‘படு’. கண்ணில் பட்டது, காதில் பட்டது, வெயில் படும் இடம், மனசில் பட்டதைச் சொல்கிறேன். இவற்றில் துன்பம் எங்கே இருக்கிறது? ஒன்று நம்மேல் வந்து தொடுகிறது, அவ்வளவுதான். தொட்டது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். உழவு அதிகாரத்திலேயே ஒரு குறள் இருக்கிறது: ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்.’ ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருகூட இல்லாமல் நன்றாக விளையும் என்கிறார். அங்கே ‘படும்’ என்றால் விளையும். உங்கள் அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஆறாக வகுக்கும்போது ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ என்று தொடங்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் இருக்கிற முதல் அறிவு, தொடுவதால் வரும் அறிவு. உறு என்றாலும் தொடுவது, படு என்றாலும் தொடுவது. உறு என்பதிலிருந்து வந்த ‘ஊறு’ குறளில் ஐம்புலன்களில் ஒன்றான தொடு உணர்ச்சி. அதே ஊறு, ‘ஊறு விளைவித்தான்’ என்னும்போது காயம். தொடுவதற்கும் காயப்படுவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது, அதுவும் இரண்டு வேர்களில். எனக்கு இது முப்பது வருடம் பாடம் நடத்திய பிறகுதான் கண்ணில் பட்டது.

குறுவைப்பட்டம்

சரி ஐயா, கண்ணில் பட்டதில் துன்பம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பட்ட மரம்’ என்றால் செத்த மரம்தானே? ‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்கிறோமே? எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் பட்டவன் கோயில் இருக்கிறது, அடிபட்டுச் செத்தவரைக் கும்பிடுகிற இடம். வெண்ணாற்றங்கரை நண்பரின் அப்பா காதில் அதுதான் விழுந்திருக்கிறது.

மாயூரம் தமிழாசிரியர்

அதை மறுக்க முடியாது. நடுகற்களில் ஆநிரை மீட்டு இறந்தவனைப் ‘பட்டான்’ என்றுதான் பொறித்திருக்கிறார்கள். ஒரே வினை, ஒரு பக்கம் சாவு வரைக்கும் போகிறது, இன்னொரு பக்கம் விளைச்சல் வரைக்கும் வருகிறது. நண்பரின் அப்பா தவறாகக் கேட்கவில்லை. நான் சொன்னது சொல்லின் மறுபக்கம்.

பட்டறைத்தெரு

பட்டறையும் இதே வேர்தானே? அங்கேதான் கை பட்டுப் பட்டுத் தொழில் வருகிறது.

மாயூரம் தமிழாசிரியர்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லை. பட்டறை என்பது பட்டடையின் திரிபு. பட்டடை என்றால் கொல்லர் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல். குறளில் கூடாநட்பைச் சொல்லும்போது ‘எறிதற்குப் பட்டடை’ என்று வருவது அதுதான்.

கடைமடை

நான் தலைஞாயிறு பக்கம். காவிரி கடைசியாக வந்து சேருகிற இடம், சில வருடம் வந்து சேராத இடம்.

பட்டறிவு மேடைச் சொல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் தாத்தா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அவர் வாயில் அடிக்கடி வரும்: “பட்டறி, கெட்டறி, பத்தெட்டு இறுத்தறி.” இது பழைய பழமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. ‘பட்டறிவு’ என்ற பெயர்ச்சொல்லை மேடைக்குக் கொண்டுபோனவர்கள் பின்னால் வந்திருக்கலாம். ‘பட்டறி’ என்ற வினை வரப்பிலேயே இருந்தது.

தாத்தா 1977 நவம்பர் புயலில் தப்பியவர். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கரையேறிய புயல். அதைப் பற்றி அவர் நிறையப் பேச மாட்டார். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: “காத்து படக்குன்னு நின்னா வெளிய வராதே. எதிர்ப்பக்கமிருந்து வரும்.” அன்றைக்குக் காற்று நின்றதும் புயல் முடிந்தது என்று நினைத்து மாட்டை அவிழ்க்கப் போனாராம். தொழுவத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் காற்று மறுபக்கமிருந்து அடித்து ஓட்டுச்சுவர் சாய்ந்தது. முதுகில் அந்தத் தழும்பு சாகிறவரை இருந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். ராத்திரி முழுக்க ஒரே ஊளை. திடீரென்று எல்லாம் அடங்கியது. மழைகூட நின்றது. பக்கத்து வீட்டுப் பையன்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். தாத்தா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் அம்மா வாசலில் நின்று, “உள்ள போங்கடா, எதிர்க்காத்து வரும்” என்று தொண்டை கிழியக் கத்தினார். உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேற்குப் பக்கம் இருந்த தோப்பு மொத்தமும் கிழக்கே பார்த்து விழுந்தது. தென்னை போனது. பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. பட்டவரும் அறிந்தவரும் ஒரே ஆள் என்று சொன்னீர்கள். அப்படியென்றால் எங்கள் அம்மாவிடம் இருந்தது என்ன? பட்டது தாத்தா.

மாயூரம் தமிழாசிரியர்

உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை.

சொல்லின்படி அம்மாவிடம் இருந்தது கேட்டறிவு. கேள்விச் செல்வத்தைப் பற்றித் தனி அதிகாரமே பாடிய வள்ளுவர் அதில் ஒரு குறளில் ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே’ என்கிறார். வழுக்குகிற இடத்தில் ஊன்றிக்கொள்கிற கோல் போன்றது, ஒழுக்கம் உடையவர் வாய்ச்சொல். சேறான வரப்பில் நடந்தவர்களுக்கு அந்தக் கோல் எது என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மா பிடித்திருந்தது அதுதான்.

பழமொழியில் ‘இறுத்தறி’ என்று வருகிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். இறுத்தல் என்றால் செலுத்துதல், வரி கட்டுதல். சோழர் கல்வெட்டுகளில் இறை என்றால் வரி, இறையிலி என்றால் வரி நீக்கிய நிலம். பத்தோ எட்டோ கட்டி அறிந்துகொள் என்கிறது பழமொழி. அறிவுக்கும் இறை உண்டு என்று நினைத்திருக்கிறார்கள் நம் ஊர்க்காரர்கள். தாத்தா இறுத்ததை உங்கள் வீடு இறையிலியாகப் பெற்றுக்கொண்டது.

நாகைக்காரன்

எங்கள் பக்கம் பாடு என்றால் மீன். “இன்னைக்குப் பாடு எப்படி?” என்றுதான் கேட்போம். வலையில் பட்டது பாடு. மீன்பாடு இல்லை என்றால் அடுப்பு எரியாது. அதனால் படு என்றதும் எனக்குத் துன்பம் நினைவுக்கு வருவதில்லை, கிடைத்ததுதான் நினைவுக்கு வரும். கடைமடை நண்பர் எழுதியதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியது. காற்றையும் நீரோட்டத்தையும் கடலின் நிறத்தை வைத்தே சொல்கிற பெரியவர்கள் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. யாருக்கும் அதுவரை அப்படிப் பட்டதில்லை, பட்டவர் சொல்லிக் கேட்டதும் இல்லை. பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்க இறங்கினார்கள். அதற்கு மேல் எழுத வரவில்லை.

இப்போது எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், கடல் உள்ளே போனால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று.

புத்தகத்தை அச்சடியுங்கள். பெயர் எதுவானாலும் அச்சடியுங்கள்.

ஒரத்தநாடு தூரத்தில்

பதினைந்து வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். அவர்கள் மொழியில் இதற்கு ‘எர்ஃபாருங்’ என்று சொல். அதில் இருக்கிற ‘ஃபாரன்’ என்பதற்குப் பயணம் போவது என்று பொருள். ஆங்கில ‘எக்ஸ்பீரியன்ஸ்’ லத்தீனில் முயன்று பார்ப்பது என்ற வினையிலிருந்து வருகிறது. ஆபத்தைக் குறிக்கிற ‘பெரில்’ என்ற சொல்லும் அந்த வேருக்கு உறவு. ஒருவர் போய் அறிகிறார், ஒருவர் முயன்று அறிகிறார். தமிழில் மட்டும் நாம் எதுவும் செய்வதில்லை, நம்மேல் வந்து படுகிறது. வயலில் நிற்கிறவன் மழையைப் போய்த் தேட முடியாது, அது வந்து பட வேண்டும். அதனால் இப்படி ஒரு சொல் அமைந்ததோ என்று நினைத்துக்கொள்கிறேன். இது என் எண்ணம் மட்டுமே.

இலைவண்ணம்

நான் வேளாண்மை படித்தவன், இப்போது கும்பகோணம் பக்கத்தில் சொந்த வயல். எல்லோரும் பட்டறிவைக் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி எழுதுகிறீர்கள். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்.

பயிர் கருகருவென்று பச்சையாக இருந்தால் செழிப்பு என்பதுதான் எங்கள் தெருவின் பட்டறிவு. அதனால் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். தழைச்சத்து கூடினால் இலை இளசாகிப் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது, முழுதாக விரிந்த இளம் இலையை அதில் வைத்துப் பார்த்தால் உரம் போடலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். பெரும்பாலான ரகங்களுக்கு எண் 4, வெள்ளைப் பொன்னிக்கு 3. அதற்குக் கீழே போனால்தான் உரம். முதல் வருடம் என் வயல் பக்கத்து வயலைவிட வெளிறித் தெரிந்தது. வரப்பில் போகிறவர் எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அறுவடையில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

காலக் கணக்கும் அப்படித்தான். மேட்டூர் அணை ஜூன் 12 திறக்கும் என்று பெரியவர்கள் நாள் குறித்து வைத்திருந்தார்கள். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்கவே முடியவில்லை. 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28. பழைய கணக்கை மட்டும் நம்பி நாற்று விட்டவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் எழுதுகிற ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில், எந்தத் தண்ணீரில், எந்த ரகத்தில் தெரிந்தது என்று போடாவிட்டால், படிக்கிற பையன் அதை எல்லாக் காலத்துக்கும் பொதுவென்று எடுத்துக்கொள்வான்.

வெண்ணாற்றங்கரை

இது எனக்குத் தோன்றவே இல்லை. குறிப்புகளில் வருடம் கிடையாது. ‘ஐப்பசியில் இப்படிச் செய்தோம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்கிறேன்.

பத்திரத்தாள்

என் அப்பா பத்திர எழுத்தர். அனுபவம் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது அவர் எழுதின கிரயப் பத்திரத்தில்தான்: “சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” இன்றைக்கும் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். அங்கே அனுபவம் என்றால் அறிவு இல்லை. பலனைத் துய்ப்பது.

சம்ஸ்கிருதத் தருக்க நூல்களில் அநுபவம் என்றால் நினைவு அல்லாத அறிவு. ஆக அதற்கும் அறிவுப் பொருள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காவிரிக் கரையில் அந்தச் சொல் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு வேலை பார்த்திருக்கிறது. அந்த நிலத்தின் அனுபவம் ஒருவருக்கு, அதே நிலத்தில் பட்டறிந்தது இன்னொருவர் என்று எத்தனை பத்திரங்கள்! நிலத்தை நேரில் பார்க்காமலே மூன்று தலைமுறை அனுபவித்தவர்கள் இருந்த ஜில்லா இது. சேற்றில் நின்றவரை நினைத்த நேரத்தில் வெளியேற்றக்கூடாது என்று சொல்ல 1952-இல் தஞ்சாவூருக்கென்றே தனியாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அதனால் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். அனுபவம் என்று போட்டால் பத்திரக்காரர் புத்தகம். பட்டறிவு என்று போட்டால் வயல்காரர் புத்தகம்.

நடவுக்காரி பேத்தி

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பத்திரத்தாள் அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வெண்ணாற்றங்கரை அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் கேட்டு எழுதிய பதினோரு பேரில் நடவு நட்டவர்கள் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்?

எங்கள் ஆயா ஐம்பது வருடம் நட்டார். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நாற்றுமுடியை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கைக் கட்டைவிரலால் நாற்றை அழுத்துவார். விரலில் முதல் கணு வரைக்கும்தான் சேற்றில் இறங்கும், அதற்கு மேல் இறங்க விடமாட்டார். நான் பள்ளி விடுமுறையில் கூடப் போய் ஆழமாக நட்டபோது பிடுங்கி மறுபடி நடச் சொன்னார். “ஆழப் போனா தூர் கட்டாது கண்ணு. அதுக்கு மூச்சு வேணும்.” பிறகு கல்லூரியில் படிக்கும்போது, மேலாக நட்டால்தான் தூர், அதாவது பக்கக் கிளை, நிறையக் கட்டும் என்று பாடப் புத்தகத்தில் பார்த்தேன். ஆயா கைநாட்டு.

நட்டு முடித்த இரண்டாம் மாதம் அந்த வயலில் எத்தனை தூர் கட்டியது என்று பார்க்க ஆயா போனதே இல்லை, போக வேண்டிய இடமும் இல்லை அது. ஆனாலும் தெரிந்திருந்தது. களை எடுக்க மறுபடி அதே வயலில் இறங்கும்போது கை பார்த்துவிடும் என்பார். தோல் வெடித்து, நகக்கண்ணில் சேற்றுப்புண் வந்து, மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் போவார். படு என்ற சொல்லில் துன்பம் இருக்கிறதா இல்லையா என்று இங்கே பேசுகிறோம். ஆயா விரலைப் பார்த்தால் அறிவும் வலியும் ஒரே இடத்தில் இருந்தது தெரியும்.

துன்பம் இல்லை என்று சொல்லி அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டாம். இருக்கட்டும். ஆயாவுக்கு வலித்தது உண்மை.

வெண்ணாற்றங்கரை

தங்கச்சி, பதினோரு பேரும் ஆண்கள். எல்லோரும் நிலம் வைத்திருப்பவர்கள், இரண்டு பேர் குத்தகை. நீங்கள் கேட்ட பிறகுதான் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். யாரைக் கேட்பது என்று யோசித்தபோது என் மனசில் இவர்கள் முகம்தான் வந்திருக்கிறது. தவறு என்னுடையது. இந்த வாரமே போகிறேன்.

மாயூரம் தமிழாசிரியர்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ‘தொடுதல்’ என்ற பக்கத்தையே அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊறு என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது என்று நானே எழுதிவிட்டு, வலியை ஓரமாகத் தள்ளியிருக்கிறேன். திருத்திக்கொள்கிறேன்.

வண்டல்

சுவாமிமலையில் படிமம் வார்க்கிற பட்டறையில் வேலை. (பட்டடை என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன், நன்றி ஐயா.)

எங்கள் தொழிலுக்கு நூல் உண்டு, உறுப்புகளுக்குத் தாளம் என்ற அளவு உண்டு. தென்னை ஓலையைப் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், ஒரு வாரத்தில் வந்துவிடும். மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுகிற காவிரி வண்டலைச் சொல்லிக் கொடுக்க முடியாது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்க வேண்டும், நெருநெருவென்று ஒரு துகள் பட்டாலும் அது சாமி முகத்தில் தெரியும். அச்சை நிழலில்தான் காயவைக்க வேண்டும். உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிற அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். என் வலது முன்கையில் இருக்கிற வடு அப்படி வந்ததுதான், சேர்ந்த இரண்டாம் வருடம். அதற்கு அப்புறம் அச்சைத் தட்டினால் சத்தத்திலேயே காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே கையைக் காட்டிவிடுவேன், அவர்களுக்கும் தெறிக்கக் கூடாது என்பதற்காக.

குறுவைப்பட்டம்

‘பயண அனுபவம்’ என்கிற இடத்தில் பட்டறிவைப் போட முடியாது, கல்யாண வீட்டு அனுபவத்தையும் அப்படி எழுத முடியாது. எல்லா இடத்திலும் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்க வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் இந்தப் புத்தகத்துக்கு என்று கேட்டால் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

வெண்ணாற்றங்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நீங்கள் எழுதியதையெல்லாம் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘சாலப் படும்’ என்ற குறளுக்குத் தலையாட்டினார். கஜா பற்றிய பதிவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பட்டறி கெட்டறி” என்று நான் ஆரம்பித்ததும் மீதியை அவரே முடித்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது! ‘இறுத்தறி’ என்றால் என்னவென்று இத்தனை நாள் தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தாராம். வரி கட்டுவது என்றதும், “கிஸ்தியா?” என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அப்படின்னா என்னென்ன கட்டினோம்னு போடு. சும்மா இப்படிச் செய், அப்படிச் செய்னு எழுதாதே. எந்த வருஷம், எந்த வயல், என்ன போச்சுன்னு போடு” என்றார். இலைவண்ணம் நண்பர் கேட்டதும் இதுதான்.

நடவுக்காரத் தெருவில் ஆறு பேரிடம் பேசினேன். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை, “எங்ககிட்ட என்னப்பா இருக்கு” என்றார்கள். இரண்டாம் நாள் ஒரு நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு போய், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். அப்புறம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் விடவில்லை. நாற்றுப் பறிக்கும்போது வேரில் சேறு போக எத்தனை முறை அலச வேண்டும், வெயில் ஏறின பிறகு நட்ட நாற்று எப்படித் தலை சாயும், எந்த வயல் சேறு காலை உள்ளே வாங்கும், எதில் அட்டை அதிகம் என்று அவர்கள் சொன்னதே பதினெட்டுப் பக்கம் வந்திருக்கிறது. தங்கச்சி, உங்கள் ஆயா சொன்ன விரல் கணுவை நீங்கள் சரி என்றால் அதையும் சேர்க்கிறேன்.

அட்டையில் பட்டறிவுதான். முதல் பக்கத்துக்கு அப்பா என் மூட்டையையே போடச் சொல்லிவிட்டார். ‘2021 குறுவை. மேலவயல் நாற்றங்கால். ஒரு மூட்டை விதை போயிற்று. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் தூங்கப் போகக் கூடாது’ என்று எழுதியிருக்கிறேன்.

மாயூரம் ஐயா, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துத் தர முடியுமா?

மாயூரம் தமிழாசிரியர்

அனுப்பி வையுங்கள். ஒற்றுப்பிழை மட்டும் பார்க்கிறேன். அவர்கள் பேச்சில் ஒரு சொல்லையும் தொட மாட்டேன்.

நடவுக்காரி பேத்தி

சரி அண்ணா, சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் 1998 சம்பா, ஊர் பேரளம் பக்கம். என்ன போயிற்று என்று கேட்டால், நான் ஆழமாக நட்ட ஒரு பாத்தி. ஆயா பிடுங்கி நட்டது போக மீதி அப்படியே நின்றது.